டொக்டர் படிப்புக்கு ஓர் அரங்கேற்றம்

என் மகள் நாகேஸ்வரி கெட்டவள் இல்லை. ஆனால் அவளோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டாயிரமாம் ஆண்டு ஜேர்மனியிலிருந்து லண்டனில் கிங்ஸ்பரிக்கு வந்தவள். பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மகள் சாருஜாவை டொக்டராக்குகிற வேலை.

இந்த நாட்டில் அதற்கு மாக்ஸ் மட்டும் காணாதாம். பிள்ளை வேறு என்னென்ன செய்கிறாள் என்றும் யூனிவர்சிற்றியில் கேட்பார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இவள் கோயிலுக்குப் போனாலும் அம்மனைப் பார்ப்பதில்லை. யாருடைய பிள்ளைக்கு இடம் கிடைத்தது, அது என்ன பழகியது என்று ஒரே விசாரணை. யாரோ ஒருவரின் மகன் வயலின் வாசித்தானாம், உடனே சாருஜாவுக்கும் வயலின். இன்னொருத்தி நீந்தினாளாம், உடனே நீச்சல். ஒன்றில் சேர்டிபிக்கற் கைக்கு வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு ஓடுவாள்.

முதியோர் இல்லமும் அப்படி வந்ததுதான். சனிக்கிழமைகளில் போய், அங்கே இருக்கும் வயதானவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் இருந்து கதைக்க வேண்டும். சாருஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் வாய் திறக்காத பிள்ளை, அங்கே போய்வந்தால் சோற்றைப் பிசைந்தபடி அந்தக் கதைதான்.

சேர்டிபிக்கற் வந்தது.

"இனி அங்க போகத் தேவையில்லை" என்றாள் நாகேஸ்வரி. "சனிக்கிழமையில டான்ஸ் பழகவேணும். கிருஷ்ணராசா அண்ணையின்ர மகள் அரங்கேற்றம் செய்துதானே மெடிசினுக்குப் போனவள்."

"எனக்கு டான்ஸ் பிடிக்காது அம்மா. நான் ஹோமை விடமாட்டன்."

"விடாமல் போனால்? ரெண்டாந்தரமும் சேர்டிபிக்கற் தருவினமோ?"

"அந்தப் பிள்ளை ஆடி ஆடியே ஊசி போடுதோ?" என்று நான் கேட்டேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா. இந்த நாட்டுச் சங்கதி உங்களுக்கு விளங்காது."

அடுத்த கிழமை சாருஜாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். ரீச்சருக்கு முன்னால் நாகேஸ்வரி விரல்களை மடக்கி மடக்கி, பிள்ளை பழகியதையெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். ரீச்சர் டான்ஸைப் பற்றிச் சாருஜாவிடம் கேட்டா. பிள்ளை தோளைக் குலுக்கியது. பிறகு இங்கிலிஷில் வேறு ஏதோ கேட்டா. எனக்கு 'ஹோம்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. அவ்வளவுதான், பிள்ளை கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கத் தொடங்கியது. ரீச்சர் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டா, சிரித்தா. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

காரில் சாருஜா சொன்னாள்: "யூனிவர்சிற்றி இன்ரவியூவில ஹோமைப் பற்றித்தான் கதைக்க வேணுமாம் அம்மம்மா, ரீச்சர் சொன்னவ. விடவேண்டாமாம்."

வீட்டுக்கு வந்ததும் நாகேஸ்வரி நடன ரீச்சருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பாடா என்று நான் கதிரையில் சாய்ந்தேன். எங்கே! அவள் அதற்குள் அடுத்த நம்பரை அழுத்திவிட்டாள்.

"பிள்ளை, வெம்பிளியில இன்னொரு ஹோம் இருக்காம். ஞாயிற்றுக்கிழமையில அங்கயும் போகலாம்" என்றாள் போனை வைத்துவிட்டு.

"ஞாயிற்றுக்கிழமை நான் நித்திரை கொள்ளப் போறன்."

அதில் பிள்ளை அசையவேயில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அவளைக் காரில் கொண்டுபோய் இறக்குவது நாகேஸ்வரிதான். இறக்கிவிட்டுப் பேசாமல் வரவேண்டியதுதானே? கண்ணாடியை இறக்கி, றோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்துகிறாள்:

"ஒரே ஆளோட இருந்து மினக்கெடாத, பிள்ளை! இன்ரவியூவில சொல்லப் புது ஆக்களோடயும் கதை!"

சாருஜா உள்ளே போய் ஹோம் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.