என் பாஸ்போர்ட்டுக்குச் சாட்சி சொன்ன அக்கா

போன வருடம், காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியிருந்த சமயம். ஏற்காட்டைத் தாண்டி, கொட்டச்சேட்டில் இருக்கிறோம். என் கணவர் அங்கே ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில். கல்யாணமாகி இங்கே வந்து, வருடக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக இந்தியக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்குக் கிடைத்தது. அலைச்சல் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. மலேசியக் குடியுரிமையை விட்டபோதே பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாகிவிட்டது. இனி எனக்கும் கைக்குழந்தையான மகளுக்கும் இந்திய பாஸ்போர்ட் புதிதாக எடுக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் அங்கே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீடியோவில் அண்ணன் போனை அம்மாவின் முகத்தருகே பிடிப்பார். அம்மாவின் பேச்சு குழறும். நான் எப்போது வருவேன் என்று கேட்பது மட்டும் புரியும். சில நாள் என்னைப் பார்த்துச் சித்தியின் பெயரைச் சொல்வார். அவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போவதற்குள் போய்விடவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை எனக்கு.

குடியுரிமைச் சான்றிதழின் அசல், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான கடிதம், திருமணப் பதிவுச் சான்று, ஆதார், மலாய் மொழியில் இருந்த பிறப்புச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. பஸ் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் இருக்கிறதா என்று எத்தனையோ முறை பையைத் திறந்து பார்த்துவிட்டேன். அப்படியும் சேலம் பாஸ்போர்ட் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பில் முறையான முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே நான் விசாரித்திருக்கலாம். திரும்பி மலையேறும்போது வளைவுகளில் மகள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். துடைத்துவிடக்கூட எனக்குத் தெம்பில்லை.

முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி போனபோது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சாமையும் காப்பியும் பயிரிடுகிற குடும்பம். நான் கர்ப்பமாக இருந்தபோது அம்மாவால் வரமுடியவில்லை. வளைகாப்புக்குத் தாய்வீட்டு ஆள் இல்லாமல் எப்படி என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்க, அக்கா தானாகவே தட்டு எடுத்துக்கொண்டு வந்து அம்மா இடத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து நான் அவர்கள் வீட்டுப் பெண். பண்டிகைக்குப் புடவை முதற்கொண்டு வரும்.

மகளுக்குத் தடுப்பூசி போட ஏற்காட்டுக்குப் போயிருந்த அன்று விசாரணைக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலம் திரும்பியபோது அக்கா பூரிப்போடு வாசலில் நின்றார்.

“போலீசு வந்துச்சு கண்ணு. நான் நல்லாச் சொல்லிப்போட்டேன். எங்கூட்டுப் புள்ளைங்க, இதே ஊருல பொறந்து வளந்ததுங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். வேத்தூருன்னு சொன்னா குடுக்காம உட்ருவாங்கல்ல?”

நான் கொடுத்த ஒவ்வொரு தாளும் நான் மலேசியாவில் பிறந்தவள் என்றுதான் சொல்கிறது. நல்லது செய்துவிட்டதாக நினைத்துச் சிரிக்கிற முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

பயந்தபடியே ஆயிற்று. காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனில் அந்தக் காவலர் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். “ஏனுங்கம்மா, பேப்பர் மலேசியாங்குது, அந்தம்மா இங்கயேங்குது. நான் எதைங்க எழுதறது?” சாட்சி சொன்னவரே நேரில் வந்து திருத்தினால்தான் மேலே அனுப்ப முடியும் என்றார்.

அக்காவிடம் கேட்கவா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். பொய் சொன்னதற்காக அவர்மேல் ஏதாவது வந்துவிட்டால்? கேட்காமல் விட்டு, அங்கே அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் சொல்லிவிட்டேன். “அப்ப, நீ எங்கூட்டுப் புள்ளை இல்லீன்னு நானே போய்ச் சொல்லோணுமா?” என்று அக்கா கேட்டார். பிறந்த ஊரை மட்டும் சொன்னால் போதும் என்று விளக்கினேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

மறுநாள் காப்பி பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். நிலையத்தில் காவலர் உட்காரச் சொல்லியும் உட்காராமல், அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ புள்ளையத் தூக்கிட்டுச் சித்த வெளிய போய் நில்லு சாமி. உன்ற முன்னால அதச் சொல்ல எனக்கு வாய் வரல.”

வெளியே மரத்தடியில் நின்றேன். உள்ளே அவர் பேசியது கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்ததெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், காவலர் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தியதும்தான். அக்காவுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. வெளியே வந்து, “சொல்லிட்டேன், போலாம்” என்றார்.

பாஸ்போர்ட் வந்தது. மகளோடு போனேன். அம்மாவுக்கு என் பெயர் நாவில் வரவில்லை; ஆனால் என் கையைப் பிடித்தபடியே இருந்தார், கழிப்பறைக்குப் போகக்கூட விடாமல். இரண்டு வாரத்தில் அந்தக் கையை விலக்கிவிட்டுத்தான் கிளம்பவேண்டியிருந்தது. நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

எந்த ஊரில் இருந்தாலும் இன்னோர் ஊருக்குத் துரோகம் செய்கிறேனோ என்று மனம் அரித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் என்னை வேற்றூர்க்காரி என்று உண்மையைச் சொல்வதற்கு ஒருவர் அப்படி வேதனைப்பட்டாரே என்று நினைக்கும்போது மட்டும், அந்த அரிப்பு கொஞ்ச நேரம் அடங்குகிறது.