இன்ஸ்பெக்ஷன் லீவு

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே பெரியது இன்ஸ்பெக்ஷன் லீவுதான். செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்தால், முதல் நாள் மாலையே வகுப்பு டீச்சர் என்னையும் இன்னும் சிலரையும் தனியாகக் கூப்பிடுவார். நாளைக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லி அனுப்புவார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எண்ணெய் வழிய வாரிய தலையோடு வெயிலில் வரிசையாக நிற்கும்போது நாங்கள் கடற்கரையில் நண்டு விரட்டிக்கொண்டிருப்போம். மொத்த வகுப்பிலும் எங்களை மட்டும் பொறுக்கியெடுத்து லீவு விடுகிறார்கள் என்றால் எங்களிடம் ஏதோ விசேஷம் இருக்கத்தான் வேண்டும். அந்த விசேஷம் மார்க் குறைவாக வாங்குவது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக வருத்தப்பட வேண்டும் என்பதுதான் தெரியாது.

எங்கள் ஊர் பாலாற்றுக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். பையன்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் எட்டாவதோடு நின்றுவிட்டார்கள். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது என் அக்கா எட்டாவது படித்தாள். அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இங்கேயே ஒன்பதாவது வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும், பஸ்ஸில் அனுப்ப மாட்டேன். அக்கா அதைக் கேட்ட நாளிலிருந்து சாமி படத்துக்கு முன்னால் நிற்கும் நேரம் கூடிவிட்டது.

அந்த வருஷம்தான் புதுத் தலைமை ஆசிரியை வந்தார். நாங்கள் அவரைப் பெரிய டீச்சர் என்போம். ஆள் குள்ளம்தான். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர், பஸ் தாமதமாகிறது என்று ஒரு பழைய ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே குடிவந்துவிட்டார். வந்ததும் முதலில் செய்தது, டீச்சர்கள் பூட்டி வைத்திருந்த கழிப்பறைச் சாவியைக் கொண்டுவந்து எல்லாரும் எடுக்கிற மாதிரி வராந்தா ஆணியில் மாட்டியதுதான். அடுத்து எங்கள் வகுப்புக்கு வந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதன் கீழே முதல் ரேங்க், அப்படியே மார்க் வரிசையில் இறங்கி வந்தால் கதவோரம் வெயிலும் மணலும் வந்து விழுகிற பெஞ்சில் நாங்கள். திங்கட்கிழமைதோறும் பெஞ்சுகள் ஓரிடம் நகர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மின்விசிறி முதன்முதலாக எங்கள் தலைக்கு மேல் வந்த வாரம் நாங்கள் பாடத்தையே கவனிக்கவில்லை, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ரேங்க் பையனின் அம்மா, பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார். பெரிய டீச்சர் வேர்க்குருப் பவுடர் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பெஞ்சு நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

வாசிப்பதற்கும் அவர் சட்டம் போட்டார். ஒருவர் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். வாசித்து முடித்தவர் வாசித்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்டால்தான் வாசித்ததாகக் கணக்கு. இன்னொன்று, யார் கேட்டாலும் தெரிந்ததைத் தலைநிமிர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுவரை ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தே பழகிய எங்களுக்கு இது கொஞ்ச நாள் விளையாட்டாக இருந்தது. பிறகு வாய் மூடவே இல்லை.

பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவது பற்றி முடிவு செய்ய அதிகாரி வரப்போகிறார் என்ற சேதி வந்தபோது ஊருக்கே தலைகால் புரியவில்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, இரவு பகலாக அலைந்தார். சாலையோரத்தில் சிமெண்டு, கம்பிக் கடை வைத்திருந்தவர் அவர். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவரும் அவர்தான். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளையே இல்லாதவர் பெற்றோருக்குத் தலைவரானது எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஷீட் போட்டது அவர் என்பதால். ஒன்பதாவதைக் கொண்டுவந்தே தீருவேன் என்று அவர் சொல்லும்போது அக்கா அவரைத் தெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

ஆனால் பெரிய டீச்சர் காலை வழிபாட்டில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்தத் தடவை யாருக்கும் லீவு கிடையாது, ஒரு பிள்ளை குறைந்தாலும் பள்ளியைத் தொடங்க மாட்டேன் என்றார். மற்ற டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழைக்கென்று இருந்த ஒரே ஒரு லீவு அது.

மாமா விஷயம் கேள்விப்பட்டுப் பள்ளிக்கு ஓடிவந்தார். கழிப்பறைச் சாவி எடுக்கப் போன நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டேன்.

"டீச்சர், இந்த ஒரு தபா மட்டும் வுட்டுக் குடுங்க. அதுங்க வாயத் தொறந்தா காரியமே கெட்டுப் பூடும்" என்றார் மாமா.

"தலைவரே, காட்டறதுக்கு ஒரு ஸ்கூலு, படிக்கறதுக்கு ஒரு ஸ்கூலுன்னு என்னால ரெண்டு நடத்த முடியாது" என்றார் பெரிய டீச்சர்.

மாமா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் அப்படிச் சிரித்தால் ஏதோ செய்யப் போகிறார் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே லீவுக்காரர்களின் வீடு வீடாகப் போய்வந்தார். மறுநாள் காலையில் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற குட்டி யானை வண்டியில் எங்களையெல்லாம் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கலங்கரை விளக்கம், வெண்ணெய் உருண்டைப் பாறை, ஆளுக்கொரு ஐஸ்கிரீம். அம்மாக்கள் ஒருவர்கூட மறுக்கவில்லை. என் பிள்ளையால் ஊருக்கு ஒன்பதாவது வராமல் போய்விட்டது என்ற பேச்சு யாருக்கு வேண்டும்? எங்கள் வீட்டில் அக்காவே என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"போயிட்டு வந்துருடி. எனக்கோசரம்."

அவள் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். பெரிய டீச்சர் பறித்த லீவை மாமா ஐஸ்கிரீமோடு திருப்பித் தருகிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் அம்மாக்கள் செய்த ஒரே தவறு, இருப்பதிலேயே நல்ல உடுப்பு என்று எல்லாருக்கும் யூனிஃபார்மையே மாட்டி அனுப்பியது. வண்டியின் பின்னால் சிமெண்டுத் தூசியில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாலாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அறைய நாங்கள் கத்திய கத்தலில் ஆற்று மணலில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பின. அதற்குப் பிறகு விமானத்திலும் போயிருக்கிறேன். அந்த சந்தோஷம் வரவில்லை.

சதுரங்கப்பட்டினம் கூட்டு ரோட்டில் மாமா டீக்கு நிறுத்தினார். டீக்கடைக்கு எதிரே திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே இருக்கிற பள்ளிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டார்.

எங்களுக்குத் தெரிந்த பதில். யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது பெரிய டீச்சரின் சட்டம். வண்டியில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினோம். எல்லாரையும் முந்திக்கொண்டு நான்தான் கத்தினேன்.

"எங்க ஸ்கூலுதான் சார். பாலத்தத் தாண்டி நேராப் போனா ஆலமரத்தாண்ட கீது."

ஜீப்பின் கதவு திறந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒருவர் இறங்கி எங்கள் வண்டியருகே வந்தார். எங்கள் யூனிஃபார்மைப் பார்த்தார்.

"ஸ்கூல் அங்க இருக்கு. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"எங்களுக்கு லீவு சார். இன்னிக்கி இன்ஸ்பெக்ஷன்."

"இன்ஸ்பெக்ஷன்னா லீவா? எல்லாருக்குமா?"

"அத்தெல்லாம் இல்ல சார். மார்க் கம்மியா எடுக்கறவங்களுக்கு மட்டுந்தான்" என்றேன். எனக்கு வாயெல்லாம் பல். விசேஷமானவர்கள் யார் என்று அவருக்குப் புரியட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். டீக்கடை வாசலில் மாமா கையில் கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டி வந்தது. வழிபாட்டில் தலைகளை எண்ணிப் பார்த்து, சத்துணவுக்கூட ஆயாவிடம் விசாரித்து, அங்கிருந்தே விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார் பெரிய டீச்சர். தலையெல்லாம் கலைந்து, புடவையெல்லாம் புழுதி. வண்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். யார் வந்திருக்கிறார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மாமாவை நோக்கி விரல் நீட்டியிருந்தால் பெரிய டீச்சர் தப்பித்திருக்கலாம்.

"என் பசங்கதான் சார். இவங்க இல்லாம ஸ்கூல் தொடங்கல. அதான் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார்.

அதிகாரி எங்கள் வண்டியை முன்னால் போகச் சொன்னார். வழி காட்டத்தான் ஆள் இருக்கிறதே என்றார். திரும்பவும் பாலாற்றுப் பாலம். முன்னால் நாங்கள், பின்னால் ஜீப், அதற்கும் பின்னால் ஸ்கூட்டி. சாமி ஊர்வலம் போல இருந்தது. ஐஸ்கிரீம் போனதைக்கூட மறந்துவிட்டு எதிரே வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போனோம். பள்ளி வாசலில் பூத்தட்டோடு நின்ற அக்கா மட்டும் எங்கள் வண்டியையும் ஜீப்பையும் சேர்த்துப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அதிகாரி நேராக எங்கள் வகுப்புக்கு வந்து, வழிகாட்டி எங்கே என்று கேட்டார். எழுந்தேன். கரும்பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். கடலாமையைப் பற்றி ஒரே ஒரு வரி. 'கடலாமை முட்டையிட்டு மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும்.' இன்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவேன். அன்று 'கட' வரைக்கும் வந்து நின்றேன். பிறகு 'லா', பிறகு 'மை'. 'முட்டை'யில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். வகுப்பு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் ரேங்க் பையனுக்கு வாய் துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனும் காத்திருந்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய டீச்சர் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஒரு வழியாக 'திரும்பும்' வந்து சேர்ந்தேன்.

சரி, உட்காரு என்றார் அதிகாரி. நான் உட்காரவில்லை. கேள்வி கேட்காமல் எப்படி உட்காருவது?

"அம்மா ஆமை பூட்டுதுன்னா, குஞ்சுக்குக் கடலு எந்தப் பக்கம்னு யாரு சார் சொல்லுவாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் நிலா வெளிச்சம் என்றான், மீனவர் குப்பத்துப் பெண் அலைச் சத்தம் என்றாள், இருவரும் மோதிக்கொண்டார்கள். வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. அதிகாரி கடைசி பெஞ்சில் எங்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து சண்டையைக் கேட்க ஆரம்பித்தார். அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று டிரைவர் வந்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். மாமா அங்கே இல்லை.

அடுத்த ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கு ஒன்பதாவது வந்தது. கட்டடம் வரவில்லை, மாமா போட்ட ஷீட்டுக் கொட்டகையில்தான் அக்கா உட்கார்ந்து படித்தாள். இப்போது அவள் கல்பாக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள். பெரிய டீச்சரை சில வருஷங்களில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பெஞ்சு நகர்வது மட்டும் நிற்கவில்லை என்று கேள்வி.

இன்ஸ்பெக்ஷன் முடிந்த அன்று மாலை மாமா என்னை வண்டியில் முன் சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஐஸ்கிரீம் போன வருத்தமும் சேர்ந்து எனக்கு அப்போதுதான் துக்கம் பொங்கியது. இந்தப் பெரிய டீச்சர் இருக்கிறவரைக்கும் இனி இன்ஸ்பெக்ஷன் லீவே கிடைக்காது என்று மாமாவிடம் முறையிட்டேன்.

"எனக்கும் வுட்டாங்க பாப்பா, அந்த லீவு" என்றார் மாமா, சாலையைப் பார்த்துக்கொண்டே. "அஞ்சாவது படிக்கறப்போ. இதே ஸ்கூலுதான்."

"எத்தினி நாளு வுட்டாங்க?"

"ஒரு நாளுதான். அப்பால வாடான்னு யாரும் வந்து கூப்புடல. நானும் போவல."

"அப்போ இன்னும் லீவுதானா மாமா?"

"இன்னும் லீவுதான்."

நான் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தேன். ஒரே ஒரு இன்ஸ்பெக்ஷனில் ஆயுசு முழுக்க லீவு வாங்கிய ஆள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார், இத்தனை நாள் யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. மாமா எவ்வளவு கொடுத்துவைத்தவர் என்று வீடு வந்து சேரும்வரை பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தேன்.