கிடா நினைவுப் பரிசாகுமா?

நான் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்து, வெள்ளைக் கழுத்துப்பட்டையின் கஞ்சி மொடமொடப்புகூடப் போகாத நாட்களில் மாரியம்மாள் வந்தாள். வலியசாலை அக்ரகாரத்தில் சீனியர் வீட்டு முன்னறைதான் எங்கள் ஆபீஸ். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, என்னெ காலேஜ் டீம்ல இருந்து மாத்திட்டாங்க. யூனிவர்சிட்டி மீட்டுக்குப் போகக் கூடாதாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் போயிருமாம். சீட்டு போனா ஹாஸ்டலும் போச்சு. பின்னே நான் லயத்துக்குப் போயி கொழுந்து கிள்ளணும், அல்லே?"

பொன்முடி எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்த பெண். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில். இவள் இங்கே காலேஜுக்காக ஹாமர் எறிபவள். தோளைப் பார்த்தாலே தெரியும்.

என்ன குற்றம்?

ஓணத்துக்கு ஒரு கிளப்பின் பெண்கள் அணியில் வடம்வலிக்கப் போயிருந்தாள். கயிறு இழுக்கும் போட்டி. முதல் பரிசு ஒரு கிடாவும் ஒரு வாழைக்குலையும். இந்தப் பக்கத்து வடம்வலிப் பரிசெல்லாம் அப்படித்தான். கடைசியில் நின்று கயிற்றை உடம்பில் சுற்றிப் பிடிப்பவருக்குக் கிடா என்பது அந்த அணியின் வழக்கம். மாரி கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கும் படம் பேப்பரில் வந்தது. காலேஜுக்கு அது போதுமாயிருந்தது. வெளியே ஆடிப் பணமோ பணமதிப்புள்ள பொருளோ வாங்கக் கூடாது, நினைவுப் பரிசு மட்டும் வாங்கலாம் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள்.

சீனியர் விதியைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நினைவுப் பரிசு வாங்கலாம்னு அவாளே போட்டிருக்காளே! போறும்டி கொழந்தே. மத்தவாளுக்குக் கப்பு, இவளுக்கு ஆடு. கப்புக்குக் காலும் கொம்பும் இருக்கப்படாதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

அஃபிடவிட்டில் அப்படியே டிராஃப்ட் செய்தேன். ஆடு எங்கே இருக்கிறது என்று மாரியிடம் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அமாவாசைக்கு வெங்காயம்கூட உள்ளே வராத வீடு அது. நானும் அதே தெருப் பெண். ஆடு என்றால் எங்களுக்குப் புல் தின்கிற பிராணி, அவ்வளவுதான்.

வஞ்சியூர் கோர்ட்டில்

இன்ஜங்ஷன் பெட்டிஷன் முன்சிப் முன்னால் வந்தது. சீனியர் அன்று நல்ல ஃபார்மில் இருந்தார். வெற்றியின் சின்னமாக அந்த ஆட்டை இந்த ஏழைப் பெண் அன்போடு பராமரித்து வருவதாகச் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது.

முன்சிப் பின்வரிசையில் இருந்த மாரியைப் பார்த்து, ஆடு இப்போது எங்கே என்று மலையாளத்தில் கேட்டார். மாரி எழுந்து நின்று மலையாளத்திலேயே சொன்னாள்.

"அன்னிக்கே கறி வெச்சாச்சு சார்."

கோர்ட்டே சிரித்தது. சீனியர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்போ இது கூலி, யுவர் ஆனர். கூலி வாங்கியிருக்கிறாள்!"

சீனியர் திரும்பி மெல்லச் சொன்னார்: "பரிசுன்னு சொல்லு கொழந்தே. சந்தோஷத்துல சும்மா குடுத்தான்னு சொல்லு."

மாரிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும். நல்லவேளை, முன்சிப்புக்குத் தமிழ் புரியும்.

"சும்மா ஒண்ணும் தரல சார். கைத்தோல் உரிய இழுத்தேன். அது கூலிதான். காலேஜுக்கும்தான் எறியறேன். என் படத்தைப் பெருசா வாசல் கேட்டுல வெச்சுத்தான் பிள்ளைங்களைச் சேர்க்குறாங்க. அதுக்கு எனக்குக் கிடைக்குற கூலி சீட்டும் ஹாஸ்டலும். அங்கே கிடா வாங்குனதுக்கு இங்கே உள்ள கூலியை எதுக்கு சார் பிடிக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. முன்சிப் பேனாவை மூடிவிட்டு, இவளை நீக்குவதற்கு முன்னால் விளக்கம் கேட்டீர்களா என்று காலேஜ் வக்கீலிடம் கேட்டார். கேட்கவில்லை. விசாரிக்காமல் சீட்டையும் ஹாஸ்டலையும் தொடக் கூடாது என்று ஆர்டர் வந்தது. ஆனால் பொருளைக் கூலியாக வாங்கியதை அவளே ஒப்புக்கொண்டதால் மீட் விஷயத்தில் தலையிட முடியாது என்றார். அந்த வருட மீட் அவளுக்குப் போயிற்று.

வராந்தாவில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரே ஒரு வார்த்தை, மாரி! பரிசுன்னு சொல்லியிருந்தா மீட்டுக்கும் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம் அக்கா," என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். "ஆனா உடம்பு நோக இழுத்து வாங்குனதை நானே சும்மா கிடைச்சதுன்னு சொன்னா, அம்மா நாள்பூரா கிள்ளி வாங்குறதும் யாரோ சும்மா குடுக்குறதுன்னு ஆயிரும்லா?"

சீனியர் அவள் தலையில் கை வைத்தார். அவர் காலமாகிவிட்டார், அந்த முன்னறையில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது விளையாட்டுப் பிள்ளைகளின் ஸ்பான்சர் ஒப்பந்தங்கள் என் மேஜைக்கு வருகின்றன. கிடைப்பதற்கு ஊக்கத்தொகை, அன்பளிப்பு என்று ஜூனியர்கள் அழகழகாகப் பெயர் வைக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெயரைக் கோர்ட்டில் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல அந்தப் பிள்ளைக்குக் கூசாதா? கூசும் என்றால், கேஸ் தோற்றாலும் சரி, ஒப்பந்தத்தில் அந்தப் பெயரை அடித்துவிடச் சொல்கிறேன்.