பரணியின் அடிமண்டி

என் மனைவி சித்திரையில் இறந்தாள். கருமாதிக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவினோம். எங்கள் வழக்கப்படி மண்பானைகளை உடைத்துவிடுவோம். மற்ற பாத்திரம் ஒன்றுகூடக் கழுவாமல் இருக்கக் கூடாது. மூலையில் ஒரு பீங்கான் பரணி இருந்தது. மனைவி வருசா வருசம் பிளம்ஸ் வைன் போடுகிற பரணி.

ஜெகதளாவிலிருந்து வந்திருந்த அவள் தங்கைதான் கேட்டாள்.

"இதையுமுங்களா மாமா? அக்கா இதைக் கழுவவே மாட்டாளே."

"தீட்டு தீட்டுத்தான் அம்மிணி. கழுவு."

சுடுதண்ணீர் ஊற்றி, சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அடியில் கருஞ்சிவப்பாய் ஒட்டியிருந்த மண்டி சாக்கடையில் போனது. நான் நின்று பார்த்தேன்.

வைகாசிக் கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பிளம்ஸ் பழுத்தது. போன வருசத்து வைன் கிறிஸ்துமஸுக்கே தீர்ந்திருந்தது. அவள் வைனை இன்னொரு தடவை குடிக்க வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. அவள் செய்கிற மாதிரியே செய்தேன். பழத்தில் தண்ணீர் காட்டவில்லை. பிசைந்து, சர்க்கரை போட்டு, பரணி வாயில் துணி கட்டினேன்.

அவளுக்கு மூன்றாம் நாள் நுரை கட்டும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. கட்டியபோது நகப்பூச்சு வாடை.

குன்னூரில் ஒரு பேக்கரிக்காரரிடம், பரணி மண்டியைக் கழுவியதைச் சொல்லி, ஏன் இப்படி என்று கேட்டேன். பழத்தோலிலும் ஈஸ்ட் உண்டு, ஆனால் அதில் பல சாதி, எது முந்தும் என்று சொல்ல முடியாது என்றார். உங்கள் வீட்டு ஈஸ்ட் அந்த மண்டியில்தான் வருசக்கணக்காக இருந்திருக்கும் என்றார். கடை ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்றேன். அதைப் போட்டால் ஊரார் வைன்தான் வரும்.

அப்போதுதான் நினைவு வந்தது. மனைவி தன் தங்கை வைன் போட ஆரம்பித்தபோது இந்த மண்டியில் இரண்டு கரண்டி கொடுத்திருந்தாள். மறுநாளே தூக்குப்போசியோடு ஜெகதளாவுக்கு பஸ் ஏறினேன்.

தங்கை டீ கொடுத்தாள். வந்த விசயத்தைச் சொன்னேன்.

"நீங்க தீட்டுன்னீங்க மாமா. ஊட்டுக்கு வந்ததும் என்ற பரணியையும் கழுவிப்போட்டனுங்க."

டீயைக் குடித்து முடித்தேன். அவள் அழுதாள். உன் மேல் தப்பில்லை என்றேன். வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாது என்று போசி நிறைய அவரைக்காய் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பரணித் துணியை அவிழ்த்தேன். ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன். புளித்துப்போன காடி. அவள் வைன் இனி இல்லை. டம்ளரில் இருந்த மிச்சத்தையும் குடித்தேன்.