காற்றுக்குக் கட்டிய துண்டு

எங்கள் சோதனை மைதானத்தின் ஓரத்தில் ஒரு சவுக்குக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துண்டு. வெளுத்துப்போன அதை இன்னும் சிவப்பு என்று சொல்ல எனக்குத்தான் மனம் வரும். உத்திரமேரூர் பக்கம், வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. வடிவமைப்பு, கம்பெனியை நடத்தும் மேடத்தின் பொறுப்பு; பறக்கவிடுவது நான். துண்டைக் கட்டியவர் மேடத்தின் அண்ணன், முதுகில் ஸ்ப்ரேயரைச் சுமந்து ஊரார் நிலங்களுக்கு மருந்தடித்த கூலிக்காரர். முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தவர், தலையில் இருந்ததை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சொன்னார்: "காத்து எந்தப் பக்கம்னு இதப் பாத்துக்கோங்க. மருந்தடிக்கறப்ப நான் இதத்தான் கட்டிப் பாப்பேன்."

அவர் முதுகிலிருந்து அந்தச் சுமையை இறக்கிவிட வேண்டும் என்பதுதான் மேடத்தின் ஒரே வெறி. எங்கள் ட்ரோனுக்கு அரசு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் டேங்க் சின்னது. பெரிய டேங்க் வைப்பதற்காக, விசிறிகளைத் தாங்கும் கைகளை மேடம் நீட்டினார். அத்துடன் பழைய அனுமதி செல்லாமல் போயிற்று. எடை, காற்று, அதிர்வு, பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பது வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்துக் காட்டவேண்டும். கையை நீட்டியதற்கு இத்தனை அலைச்சலா என்று எனக்கு ஒரே எரிச்சல். சோதனைக்கூடத்தில் எங்கள் முறை வரும்வரை, கம்பெனியிடம் இருந்த அந்த ஒரே மெஷின் ஷெட்டில் சும்மா கிடந்தது.

அப்போது பார்த்து நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. உடனே மருந்தடிக்கச் சொல்லி நிலத்துக்காரர்கள் அண்ணனை விரட்டினார்கள். அவர் இருமிக்கொண்டே ஷெட்டுக்கு வந்தார்.

"மெஷின் ரெடியாத்தான கீது. ஒரு நாள் குடும்மா. மூச்சு வாங்குது, சொமக்க முடில."

"அப்ரூவல் வர்லண்ணா. கைய நீட்டிட்டா அது வேற மெஷின். கீழ ஆளுங்க நிப்பாங்க, எப்டி வுடறது?"

அவர் கோபப்படவில்லை. "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சி வெயிலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சரிந்தார். மருந்து மூச்சில் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. மெஷினைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் மேடத்தின் காதுபடவே பேசினார்கள். எனக்கோ அந்த அனுமதிச் சட்டத்தின் மேல் அடங்காத ஆத்திரம்.

பிறகு எங்கள் முறை வந்தது. அதிர்வுச் சோதனையில், நீட்டிய கை இணைப்பில் விரிசல் விட்டது. மேடம் அதை விரலால் தடவிப் பார்த்தார். "அன்னிக்குக் குடுத்திருந்தா யார் தலமேலயாவது உழுந்திருக்கும். நான் சொன்னதுதான் சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "சரியா இருந்து இன்னா பண்றது?" என்றார். ஆத்திரப்பட எனக்கிருந்த ஒரே இடமும் அன்றோடு போயிற்று. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

இணைப்பைத் தடிமனாக்கி, மறுபடி சோதித்து, அனுமதியும் வாங்கிவிட்டோம். இப்போது பெரிய டேங்கோடு பறக்கிறது. ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன்னால் மேடம் கம்பத்தைப் பார்க்கிறார். காற்றுப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அதைவிட அதிக நேரம் பார்க்கிறார். நான் ரிமோட்டைப் பிடித்தபடி காத்திருக்கிறேன்.