ஜலஜா வரைந்த ஆள்

நாற்பத்தேழு வயதில் ஜலஜா படம் வரையக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். படம் என்றால் பூ, பழம், இரண்டு மலைக்கு நடுவே சூரியன், அதெல்லாம் இல்லை. மனிதரை வரைய வேண்டும், தலை முதல் கால் வரை. பார்த்தவுடன் இன்னார் என்று தெரிய வேண்டும். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில், அவள் தங்கியிருந்த தங்கை வீட்டில், இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அது இரண்டாயிரத்து மூன்று. ஹைதராபாத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் வாசலில்தான் விழ வேண்டும். அந்த ஊரில் இவள் பென்சிலும் ரப்பரும் வாங்கிக்கொண்டு போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் யாரை வரையப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நானும் அவளும் பாலாநகரில், விமானத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். ட்ராயிங் ஆபீஸில் ட்ரேசர் வேலை. முன் வரிசையில் டிராஃப்ட்ஸ்மேன்கள் நிமிர்த்தி வைத்த பலகைகளின் எதிரே நின்றபடி பென்சிலில் வரைவார்கள். பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள், அந்தத் தாளின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து அதே கோடுகளை மையில் இழுப்போம். சொந்தமாக ஒரு கோடு போடக் கூடாது. அவர்கள் தப்பாகப் போட்டிருந்தால் சொல்லலாம், நாமாகத் திருத்தக் கூடாது. சம்பளம் ஒழுங்காக வந்தது. அதனால் எனக்கு இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

உமாசங்கர் சாரின் தாள்கள் ஜலஜாவின் மேஜைக்கு வரும். அவருக்குக் கும்பகோணம் பக்கம். திருமுல்கேரியில் எங்கள் காலனியில்தான் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். ஆளை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொஞ்சம் கூனல், சட்டை எப்போதும் ஒரு பக்கம் வெளியே வந்திருக்கும். ஆனால் நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். "இந்த ஆர்க் கொஞ்சம் தடிமனா வரட்டும் ஜலஜா" என்பார். "சரி சார்" என்பாள் இவள். இருபது வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் இந்த ரகம்தான். எங்கள் ட்ராயிங் தாள்களில் வலது கீழ் மூலையில் கட்டம் கட்டியிருக்கும். வரைந்தவர் பெயர் ஒரு கட்டத்தில், ட்ரேஸ் செய்தவர் பெயர் அதற்கு அடுத்த கட்டத்தில். அதைவிட நெருக்கமாக அந்த இரண்டு பெயர்களும் வேறெங்கும் வந்ததில்லை.

ஒருநாள் கேண்டீனில், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, அவள் என்னிடம் சொன்னாள்.

"அவர் கோட்டு மேல கோடு இழுக்கறச்சே கை தானா போறதுடி, ரமணி."

எனக்குப் புரிந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்யாணமான மனுஷன், உனக்கு என்ன பைத்தியமா என்றேன். அவள் மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை, டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனாள். எல்லா ஜாதகமும் தட்டிப்போய், பிறகு ஜாதகம் பார்ப்பதையே வீட்டில் நிறுத்திவிட்ட பெண் அவள். அவளை அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று அன்றைக்கே தோன்றியது, ஆனால் திட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வராது.

பிறகு பலகைகள் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள் வந்தன. உமாசங்கர் சார் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் வேலை பார்த்த மைசூருக்கே குடிபோய்விட்டார். பிரிவு உபசாரம் ட்ராயிங் ஆபீஸுக்குள்ளேயே நடந்தது. மிக்சர், மைசூர்பாகு, சந்தனமாலை, மூன்று மொழிகளில் பேச்சு. போட்டோ மட்டும் கிடையாது. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற இடம் என்பதால் கேமராவைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் வேலை செய்த இடத்தில் எங்கள் யாருக்கும் ஒரு படம் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முகம் மறந்துண்டே வரதுடி. மூக்கை நெனச்சா கண்ணு போயிடறது. கண்ணு வந்தா வாய் யாரோடதோ வரது."

அவர் அவளுக்கு வேண்டும் என்று அவள் என்றைக்கும் கேட்டதில்லை. நினைவாவது மிச்சம் இருக்க வேண்டாமா? அதுவும் கைநழுவிப் போகிறதே என்று அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. முழுக்க மறப்பதற்குள் அவரைத் தாளில் பிடித்து வைக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஓவியம் கற்கக் கிளம்பிய கதை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில், லால் பஜாரில் ஒரு தையல்கடை மாடியில். நடத்தியவன் அப்துல் ரஹீம், முப்பது வயது ஆகியிருக்காது. மற்ற நாட்களில் பஞ்சாரா ஹில்ஸில் ஏதோ கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனியில் வேலை. அந்த மாதிரி வேலைக்குப் போக ஆசைப்பட்ட பையன்களும் பெண்களும்தான் அங்கே வந்தார்கள். எல்லாரும் ஜலஜாவை ஆன்ட்டி என்றார்கள். மாடலாக நிற்பதற்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவரைக் கூட்டி வந்தார்கள். என் வீடு பக்கம் என்பதால் நானும் காய்கறிப் பையோடு போய் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அவள் எந்த லட்சணத்தில் வரைகிறாள் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதல் நாள் மற்றவர்கள் கோணல்மாணலாகக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது, ஜலஜா தாளின் நடுவே செங்குத்தாக ஒரு மையக்கோடு போட்டாள். அதற்கு வலது பக்கம் டீக்கடைக்காரரைப் பாதி வரைந்தாள். ஒரு கண், பாதி மூக்கு, ஒரு கை, ஒரு கால். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆதாச் கைக்கு, மேடம்?" என்று கேட்டான் ரஹீம். பாதி மட்டும் ஏன் என்று.

மறுபாதியும் இதே மாதிரிதான், தனியாக வரையத் தேவையில்லை என்று ஹிந்தியில் பதில் சொன்னாள். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் பாகத்துக்குப் பாதி வரைந்தால் போதும், பட்டறையில் புரிந்துகொள்வார்கள். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்.

ரஹீம் சிரிக்கவில்லை. ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி டீக்கடைக்காரரின் கழுத்துக் குழியிலிருந்து தொங்கவிட்டுக் காட்டினான். அவர் வலது காலில் பாரம் போட்டு நின்றிருந்தார். நூல் இரண்டு காலுக்கும் நடுவே விழவில்லை, வலது கணுக்காலின் மேல் விழுந்தது. அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியிருந்தது, தோள் இறங்கியிருந்தது. மனிதர் நிற்கும்போது இரண்டு பாதியும் ஒத்துப்போகாது மேடம், நடுக்கோடு வளையும், அந்த வளைவைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்றான். ஜலஜா எழுந்து போய் டீக்கடைக்காரரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அவருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அடியில் இன்னொருவர் போட்ட கோடு இல்லாமல் அவள் கை நகரவே மாட்டேன் என்றது. கோடு எல்லாம் ஒரே தடிமனில் வந்தது, வளைவு வேண்டிய இடத்தில் காம்பஸ் வைத்த மாதிரி வட்டம் வந்தது. விடாமல் போனாள். கை கையாக, கால் காலாக வரைந்து தள்ளினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர்களை, யார் எந்தக் காலில் நிற்கிறார் என்று எனக்குக் காட்டிக்கொண்டு வருவாள். ஒரு வருஷத்தில் டீக்கடைக்காரர் தாளில் அப்படியே வந்துவிட்டார். அவர் அதை வாங்கிப்போய் பாய்லருக்கு மேலே ஒட்டிவைத்தார்.

உமாசங்கர் சார்தான் வரவில்லை. அவள் முகத்திலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு தடவை அது எங்கள் கேண்டீன் மேனேஜராக முடிந்தது. இன்னொரு தடவை அவள் தங்கை புருஷனாக முடிந்தது, அதை இரண்டு பேரும் சேர்ந்து அவசரமாகக் கிழித்தோம். ஒவ்வொரு தடவையும் தாளை என் முன்னால் நீட்டி, அவரா என்று கேட்பாள். இல்லை என்பேன். ஒரு நாள் அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் ஆமாம், அவரேதான் என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதையும் கிழித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். கேண்டீனில் நான் திட்டியபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது.

எனக்கோ அவர் முகம் பளிச்சென்று நினைவிருந்தது. பல் எடுப்பு, புருவத்துக்கு மேல் தழும்பு, எல்லாம். அவர் மேல் எதுவுமே இல்லாத எனக்கு நினைவிருக்கிறது, உயிரை விடுகிற இவளுக்கு இல்லை. அந்த எரிச்சலில்தான் கேட்டேன்.

"நீ என்னிக்குடி அவர் மூஞ்சியைப் பாத்தே? அவர் வந்து பேசினா ட்ராயிங்கைப் பாத்துண்டு சரி சார் சரி சார்னு சொல்லுவே. அவர் திரும்பி பலகைக்குப் போனப்புறம்தான் தலையையே தூக்குவே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். ரொம்பத்தான் பேசிவிட்டோமோ என்று எனக்கு அந்த வாரம் முழுவதும் உறுத்தலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். மாடலைப் பார்க்காமல் சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். ரப்பர் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. பலகை, அதன் எதிரே பின்பக்கம் காட்டி நிற்கும் ஓர் ஆள். ஒரு கால் பலகையின் கீழ்க்கம்பி மேல் ஏறியிருக்கிறது. பாரமெல்லாம் இடது காலில். இடது தோள் இறங்கி, சட்டை ஒரு பக்கம் வெளியே வந்து, வலது காதில் பென்சில். முதுகின் நடுக்கோடு கழுத்திலிருந்து மெல்ல வளைந்து இறங்கியது. முகம் துளியும் இல்லை.

"உமாசங்கர் சார்" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவரைப் பற்றி எனக்கென்ன வந்தது? எனக்கு வந்த துக்கம் அவளுக்காக. ஒருத்தி ஒருவரை இத்தனை வருஷம் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாள், அதுவும் அவர் திரும்பியிருந்த நேரம் மட்டும்.

அந்தப் படத்தைத் தன் மாணவர்களின் மற்ற படங்களோடு மாடியிலேயே கயிறு கட்டி, கிளிப் போட்டு மாட்டினான் ரஹீம். வேண்டியவர்கள் வந்து பார்த்துப் போகட்டும் என்று சில ஞாயிறுகள் திறந்து வைத்தான். அந்தச் சமயம் பார்த்து எங்கள் ட்ராயிங் ஆபீஸ் நாராயணஸ்வாமி வீட்டுக் கல்யாணத்துக்கு உமாசங்கர் சார் மைசூரிலிருந்து வந்தார். மனைவிக்கு முடியவில்லை, தனியாகத்தான் வந்தேன் என்றார். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும், பக்கத்தில்தான் சார், ஜலஜா படம் மாட்டியிருக்கா என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஜலஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றைக்கு மாடிக்கு வந்திருக்கவே மாட்டாள். உன்னை ஒருத்தி பார்த்திருக்கிறாள் என்று அந்த மனிதர் ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது எனக்கு. இனி அதனால் யார் குடி கெடப்போகிறது?

அவரைப் பார்த்ததும் ஜலஜா எழுந்து நின்றாள். சௌக்கியமா என்று கேட்டார், சௌக்கியம் சார் என்றாள். அதற்குள் பார்வை தரைக்குப் போய்விட்டது. முகம் இதோ, எதிரே நிற்கிறது, இப்போதாவது பாரேன்டி என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அடடே, நம்ம ஆபீஸ். போர்டு சாய்வு கரெக்டா வந்திருக்கு ஜலஜா" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "யார் இது? நம்ம நாராயணஸ்வாமியா?"

அந்த ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர் மனைவி பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லியிருப்பாள். தன் முதுகை மட்டும் அவர் எங்கே பார்த்திருக்கிறார்? நான் வாயைத் திறந்தேன். ஜலஜா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"யாரும் இல்லே சார். பாடத்துக்காகப் போட்டது."

ரொம்ப நன்றாக இருக்கிறது, விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். படியிறங்கும் சத்தம் கேட்டது. ஜலஜா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். ஜன்னலுக்குப் போனாள், நானும் போனேன். அவர் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஆட்டோக்காரரிடம் குனிந்து பேசிக்கொண்டு நின்றார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது தோள் முன்னைக்கு இப்போ இன்னும் எறங்கிடுத்து, ரமணி."

அப்படியானால் படத்தைத் திருத்தப் போகிறாயா என்று கேட்டேன்.

"அது அப்போ" என்றாள். "இது வேற போடணும்."

ஆட்டோ திரும்பிப் போனதும் ரஹீமிடம் ஒரு தாள் கேட்டாள்.