எங்கேயும் நிற்காத ஆறு

மீன்கடையில் செவுளைத் திறந்து பார்க்காமல் ஒரு மீனும் வாங்காதவள் நான். அப்பாவின் அஸ்தியைப் பக்கத்து ஆற்றிலேயே கரைத்துவிடலாம், கடலுக்குப் போய்விடும் என்று அண்ணன் சொன்னபோது நம்பிவிடுவேனா?

அண்ணன் வீடு காஜாங்கைத் தாண்டி, மலையடிவாரத்தில். அப்பாவும் அம்மாவும் அவரோடுதான் இருந்தார்கள். நான் கிள்ளானில் இருக்கிறேன். எங்கள் பக்கம் படகு பிடித்துக் கடலுக்குள் போய்க் கரைப்பார்கள். அவ்வளவு தூரம் வரச் சோம்பல்பட்டுத்தான் இந்த யோசனை என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா லீவுக்கு லீவு குளிச்ச ஆறு லா. லங்காட் ஆத்துல சேர்ந்து கடலுக்குத்தான் போகுது," என்றார் அண்ணன்.

அம்மாவுக்கு ஒரே கவலை. "நடுவுல எங்கயாச்சும் நின்னுட்டா அவரு கரையேற மாட்டாருப்பா. கடல்ல சேரணும்."

முந்தின நாள்தான் தகனம். விடிந்தால் சாம்பல் எடுத்து, உடனே கரைக்க வேண்டும். அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினேன்.

அதை ஆறு என்பதே அதிகம். சேலையைத் தூக்கிப் பிடிக்காமல்கூடத் தாண்டிவிடலாம். ரம்புத்தான் மரங்களுக்குப் பின்னால் பாறைகளில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் குழாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் பாதியாக வெளியே வந்தது. மீதி எங்கே என்று அண்ணனை முறைத்தேன். இன்னொரு குழாயைக் காட்டினார். பிறகு செம்பனைத் தோட்டத்துக்குள் சாக்கடைபோல் நேராக ஓடி, பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் போய் விழுந்தது. அங்கே தண்ணீர் அசையவே இல்லை.

"இதுதான் நீங்க சொன்ன கடலாண்ணே?" கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் குட்டையின் விளிம்பெல்லாம் கண்ணால் துழாவினார். அவருக்கே தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. லாலாங் புல்லை விலக்கிக்கொண்டு இருவரும் குட்டையைச் சுற்றினோம். எதிர்க்கரையில் கோரைக்குள் தண்ணீர் வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறமும் நான் விடவில்லை. பாலத்துக்குப் பாலம் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். லங்காட்டின் செம்மண் தண்ணீரில் அது கலக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்பினேன்.

"அண்ணன் சொன்னது சரிதாம்மா. நானே பார்த்துட்டேன். எங்கயும் நிக்கல, கடலுக்குப் போயிடும்," என்றேன் அம்மாவிடம்.

அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு கேட்டார்:

"எங்கயுமே நிக்காதாடி?"